சட்ட நேர்மறைவாதம் வேண்டாம், இடுசட்டவாதம் எப்படி?

> லீகல் பாசிட்டிவிசம் என்ற சட்டத் தத்துவச் சொல்லைத் தமிழாக்கும்போது 'சட்ட நேர்மறைவாதம்' என்றே போட்டுவிடலாமே?

ஐயா, சிக்கலே அங்கேதான். நேர்மறை என்றதும் வாசகர் 'நல்லதே நினை' பக்கம் போய்விடுவார். இந்தப் பாசிட்டிவ் அது இல்லை. இதன் வேர் லத்தீன் 'பொனெரே'; வைத்தல், இடுதல் என்று பொருள். அதிகாரமுள்ளவர் இட்டார், அதனால் சட்டம்; நல்லதா கெட்டதா என்பது தனிக் கேள்வி. 1832இல் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின் சொன்னதன் சாரம் இதுதான்.

இதற்கு அச்சாக ஒரு சொல்லைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்: இடுகுறிப்பெயர். மரத்துக்கு ஏன் மரம் என்று பெயர்? காரணம் கேட்காதே, முன்னோர் இட்டது. பறப்பதால் பறவை என்றால் அது காரணப்பெயர். ஆகவே என் பரிந்துரை இடுசட்டம், இடுசட்டவாதம். வினைத்தொகை என்பதால் இட்டது, இடுகிறது, நாளைக்கு இடப்போகிற திருத்தம் எல்லாம் உள்ளே அடங்கும்.

எதிர்ப்பக்கம் நேச்சுரல் லா: யாரும் இடாமலே இயல்பாக இருக்கும் சட்டமும் உண்டு என்பது. 'இயற்கை விதி' என்றால் நியூட்டன் வந்து நிற்பார். இந்த உரையாடலில் ஒரு அம்மா முன்வைத்த 'இயல்பறம்' காதுக்கு இனிமைதான். ஆனால் "சரி, அறம்தான், சட்டம் இல்லையே" என்று இடுசட்டக்காரர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டுவிடுவார். சண்டையே அது சட்டமா என்பதில்தானே! அதனால் இயற்சட்டம், இயற்சொல் மாதிரி.

வழக்கு ஒன்றில் வைத்துப் பார்ப்போம். நெருக்கடி நிலைக் காலத்தில், விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டவர்கள் பற்றி உச்ச நீதிமன்றம் கேட்ட ஜபல்பூர் வழக்கு. உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் காப்பான அரசமைப்பின் 21ஆம் பிரிவின் பேரில் நீதிமன்றம் போகும் வழியை அரசு அடைத்திருந்தது. நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார்: தனிப்பகையில் ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டால்? நெருக்கடி நீடிக்கும்வரை நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லை என்றார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. 1976 ஏப்ரல் 28இல் 4 நீதிபதிகள் அரசுப் பக்கம் நிற்க, கன்னா மட்டும் மறுத்து எழுதினார்: உயிர்வாழும் உரிமைக்கு 21ஆம் பிரிவு மட்டுமே இருப்பிடம் அல்ல, அரசமைப்புக்கு முன்பும் அது இருந்தது. அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை 2017இல் அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கின் 9 நீதிபதிகள் அமர்வு தள்ளிவிட்டது.

இப்போது எழுதிப் பாருங்கள்: "பெரும்பான்மை இடுசட்டத்தோடு நின்றது, கன்னா இயற்சட்டத்தைத் தொட்டார்." தடுக்காமல் ஓடுகிறது. அங்கே 'நேர்மறை' என்று போட்டால் பெரும்பான்மையைப் பாராட்டுவது போல ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இடுசட்டவாதி என்றால் அரசுக்குத் தலையாட்டுபவர் என்று விளக்கம் எழுதிவிடாதீர்கள். தாங்க முடியாத அளவு அநீதியான நாஜிச் சட்டங்கள் சட்டமே அல்ல என்றார் ஜெர்மனியின் சட்ட அறிஞர் ராட்புரூக். பிரிட்டனின் இடுசட்டவாதி ஹார்ட் 1958இல் அதை ஏற்கவில்லை. சட்டம்தான், ஆனால் கீழ்ப்படிய முடியாத அளவு கொடியது என்று வெளிப்படையாகச் சொல் என்பது அவர் வாதம். இடுசட்டவாதிதான், தலையாட்டி அல்ல.

நேச்சுரல் ரைட்ஸ், அதாவது யாரும் தராமலே மனிதருக்கு உள்ள உரிமைகள், அந்தச் சொல்தான் இன்னும் உதைக்கிறது. 'இயலுரிமை' என்றால் 'முடிந்தால் தருகிறோம்' என்று ஒலிக்கிறது. 'இயல்புரிமை' பரவாயில்லையா?