கடலில் எண்ணெய் தேடும் கம்பெனி உரிமத்தை நீட்டிக்கக் கேட்டால் அரசு ஏன் இவ்வளவு நெருக்குகிறது?

திருமங்கலம் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எண்ணெய்க் கிணறு, உரிமம் இதெல்லாம் தெரிந்தவர்கள் இருந்தால் விளக்கிச் சொல்லுங்கள். என் தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து கப்பலூர் சிட்கோவில் இரண்டு வருடம் லேத்தில் நின்றான், அப்புறம் கடலில் துளை போடும் ரிக்கில் ரஸ்டபவுட் (எடுபிடி ஆள்) வேலை கிடைத்தது. 28 நாள் கடலில், 28 நாள் வீட்டில். தீபாவளிக்கு வந்தவனை இன்னும் கூப்பிடவில்லை. பொங்கலும் போய்விட்டது. அவனுடைய கவரால், அதாவது ரிக்கில் போடும் முழு உடுப்பு, மூன்று தடவை துவைத்தும் துளைச்சேற்று வாடை போகாமல் மாடிக் கொடியில் தொங்குகிறது, அதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

விசாரித்தால் சொல்கிறார்கள்: பிளாக்கை (எண்ணெய் தேட அரசு பிரித்துக் கொடுத்த கடல் பகுதியை) எடுத்திருக்கும் கம்பெனி தேடும் காலத்தை நீட்டிக்கக் கேட்டிருக்கிறதாம். அரசு, சொன்ன கிணறுகளை ஏன் போடவில்லை, கூடுதல் வங்கி உத்தரவாதம் கொடு, இல்லையென்றால் பிளாக்கைத் திருப்பிக் கொடு என்று நெருக்குகிறதாம். கடிதம் வரும்வரை ரிக்கை வாடகைக்கு எடுக்க மாட்டார்களாம்.

எனக்குப் புரியாதது இதுதான். நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறோம். தேடுகிறேன் என்று ஒருவன் பணம் போட வந்தால் தேடட்டும் என்று விட வேண்டியதுதானே? யார் பக்கம் நியாயம் என்று தெரிந்தால் தம்பிக்குக் காத்திரு என்று சொல்வதா, வேறு வேலை பார் என்று சொல்வதா என்று முடிவு செய்வேன்.

பழைய டிரில்லர் (ஆனையூர்) எழுதியது:

தங்கச்சி, நான் 19 வருடம் ரிக்கில் இருந்துவிட்டு வந்தவன். இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன்.

முதலில் கம்பெனிக்கு ஏன் தாமதமாகிறது என்று சொல்கிறேன். கடலில் கிணறு போடுவது நம் ஊரில் போர் போடுகிற மாதிரி லாரியைக் கொண்டுவந்து நிறுத்துகிற வேலை இல்லை. முதலில் கப்பலை விட்டு சீஸ்மிக் சர்வே, அதாவது ஒலி அலையை அனுப்பிக் கடலுக்கு அடியில் உள்ள பாறையைப் படம் பிடிப்பது, எடுக்க வேண்டும், அந்தத் தரவைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசி எந்த இடத்தில் துளைப்பது என்று முடிவு செய்யவே ஒன்றிரண்டு வருடம் ஓடிவிடும். ஆழ்கடலுக்குப் போகிற ரிக்குகள் உலகத்திலேயே எண்ணி எடுக்கிற அளவுதான், 2013 வாக்கில் நல்ல ரிக் ஒன்றுக்கு ஒரு நாள் வாடகையே 5 லட்சம் டாலரைத் தாண்டியது. நம் கிழக்குக் கடலில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புயல் காலம். சுற்றுச்சூழல் அனுமதி, பாதுகாப்புத் துறை அனுமதி, சுங்கம், எல்லாம் வந்து சேரும்போது ரிக் வேறு நாட்டில் இருக்கும்.

துளை போட ஆரம்பித்த பிறகும் அப்படித்தான். ஒரு குழாய் 30 அடி, மூன்றைச் சேர்த்து 90 அடியாக டெரிக்கில் (ரிக்கின் கோபுரத்தில்) நிறுத்தி வைப்போம். நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் பிட் (பாறையைக் குடையும் முனை) தேய்ந்துவிட்டால் அத்தனை குழாயையும் ஒவ்வொன்றாக மேலே இழுத்து, கழற்றி, அடுக்கி, ஒரு கை அகல பிட்டை மாற்றி, திரும்ப இறக்க வேண்டும். ஒரு முழு நாள் அதற்கே போகும், அந்த நாள் முழுக்க வாடகை ஓடும். உங்கள் தம்பியிடம் கேளுங்கள், குழாயைத் துடைத்துக் கிரீஸ் தடவியே அவன் தோள் இறங்கியிருக்கும்.

இதையெல்லாம் தெரிந்துதான் ஏலம் கேட்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஏலத்தில் ஜெயிப்பதற்காக ஐந்து கிணறு போடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிளாக் கைக்கு வந்ததும் ஒரு கிணறு போட்டு மற்றதுக்கு விலை ஏறட்டும் என்று உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடல் அவர்கள் பெயரில் இருக்கும்வரை வேறு யாரும் அங்கே ஒரு ஊசி குத்த முடியாது. அரசு நெருக்குவது அதனால்தான்.

வக்கீல் (கே.கே.நகர்) எழுதியது:

டிரில்லர் அண்ணன் சொன்னது சரி. சட்டப் பக்கத்தைச் சேர்க்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

தேடும் உரிமம் என்பது சொத்து இல்லை. குறிப்பிட்ட காலத்துக்குள் இவ்வளவு சர்வே, இத்தனை கிணறு என்று எழுதிக் கொடுத்த வாக்கு. குறைந்தபட்ச வேலைத் திட்டம் என்று ஒப்பந்தத்தில் அதற்கே தனி இடம் உண்டு. அதற்கு ஈடாக வங்கி உத்தரவாதம் வாங்கி வைத்திருப்பார்கள். வேலை முடியவில்லை என்றால் அந்த வேலைக்கு ஆகும் தொகையைக் கட்ட வேண்டும், பிளாக்கையோ அதில் ஒரு பகுதியையோ விட்டுக் கொடுக்க வேண்டும். பிளாக்குகளை ஏலம் விடுவதற்கான அரசுக் கொள்கைகளில், 1999ல் முதல் ஏலம் நடந்த நெல்ப் கொள்கையிலும் இப்படித்தான், 2016ல் வந்த ஹெல்ப் கொள்கையிலும் அடிப்படை மாறவில்லை. பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் 1993ல் அமைத்த ஹைட்ரோகார்பன் தலைமை இயக்ககம்தான் இதையெல்லாம் கணக்குப் பார்க்கிறது.

இரண்டு நீட்டிப்பு உண்டு, அதைக் குழப்பிக் கொள்ளாதீர்கள். ஒன்று தேடும் காலத்துக்கு, உங்கள் தம்பி விஷயம் அதுதான். இன்னொன்று எண்ணெய் கிடைத்து எடுத்துக்கொண்டிருக்கும் வயலுக்கு, 25 வருட ஒப்பந்தம் முடியும்போது கேட்பது. இரண்டாவதில் அரசு கை ஓங்கிய கை. ராஜஸ்தான் பார்மர் வயல் தரையில் இருப்பது, ஆனாலும் உதாரணத்துக்குச் சொல்கிறேன்: 1995ல் கையெழுத்தான ஒப்பந்தம் 2020 மே மாதம் முடிந்தது. 2017ல் அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது, நீட்டிக்க வேண்டுமானால் லாபத்தில் அரசுக்குக் கூடுதலாக 10 சதவீதம் தர வேண்டும் என்று. கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றம் போய் முதலில் ஜெயித்தது, 2021ல் டிவிஷன் பெஞ்ச் அரசு பக்கம் தீர்ப்பு சொன்னது. மும்பைக் கடலில் பன்னா-முக்தா வயல்கள் 2019 டிசம்பரில் காலம் முடிந்ததும் அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி கைக்கே போய்விட்டன.

தேடும் காலத்தில் அரசு தப்பும் செய்யும். நம் பக்கத்துக் கடலிலேயே நடந்தது. புதுச்சேரிக்கு எதிரே சிஒய்-ஓஎஸ்/2 என்ற பிளாக்கில் 2007 ஜனவரியில் ஹார்டி என்ற கம்பெனி ஒரு கிணறு போட்டது, கணேஷா-1 என்று பெயர். கிடைத்தது எண்ணெயா எரிவாயுவா என்பதில் சண்டை. எண்ணெய் என்றால் அது லாபத்துக்கு எடுக்கும் அளவில் இருக்கிறதா என்று சொல்ல 24 மாதம், எரிவாயு என்றால் 60 மாதம். கம்பெனி எரிவாயு என்றது. அரசுத் தரப்பு எண்ணெய் என்று எடுத்துக்கொண்டு, காலம் முடிந்துவிட்டது, பிளாக் திரும்ப வந்துவிட்டது என்று 2009ல் சொல்லிவிட்டது. கோலாலம்பூரில் உட்கார்ந்த நடுவர் மன்றம் 2013ல் அது எரிவாயுதான், பிளாக்கைத் திருப்பிக் கொடு என்றது. அரசு விடவில்லை. எந்த நாட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கேள்வி கேட்கலாம் என்ற பிரச்சினையே 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரே கிணறு, 11 வருடம். அத்தனை வருடமும் அந்தக் கடலில் துளை போடக் காத்திருந்த ஆட்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, உங்கள் தம்பி மாதிரி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்.

அதனால் என் கருத்து: தாமதம் யாரால் என்று நாள் கணக்குப் பார்க்க வேண்டும். அனுமதி கொடுக்க அரசு எடுத்த ஒவ்வொரு கூடுதல் நாளையும் ஒரு பைசா கேட்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்பெனி சும்மா இருந்த நாளுக்கு ஒரு நாள்கூடத் தரக் கூடாது.

கண்மாய்க் குத்தகை (மேலூர்) எழுதியது:

வக்கீல் சார் சொன்ன நாள் கணக்கு எனக்கு நன்றாகப் புரிகிறது, ஏனென்றால் நான் அதில் அடிபட்டவன். நாலு வருடம் முன்னால் எங்கள் கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்தேன். குத்தகை ஃபசலிக் கணக்கு, ஜூலை 1ல் ஆரம்பித்து ஜூன் 30ல் முடியும். பெரியாறு கால்வாய்த் தண்ணீர் அந்த வருடம் எங்கள் மடைக்கு வந்ததே ஜனவரி கடைசியில். கட்லாவும் ரோகுவும் விரல் நீளக் குஞ்சாக விட்டேன், மே மாதம் வலை போட்டால் ஒரு மீன் கால் கிலோ தேறவில்லை. மூன்று மாதம் கூட வேண்டும் என்று மனு கொடுத்தேன். தண்ணீர் திறப்பது எங்கள் வேலை இல்லை என்றார் ஒரு அதிகாரி, குத்தகைத் தொகையை ஏற்றிக் கட்டினால் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். கடன் வாங்கிக் கட்டினேன். அதே ஊரில் இன்னொருவர் மூன்று வருடம் குத்தகை எடுத்துவிட்டு ஒரு குஞ்சுகூட விடாமல், வேறு ஆள் வரக் கூடாது என்பதற்காகவே வைத்திருந்தார். அவருக்கும் எனக்கும் ஒரே சட்டம்.

கடலுக்கும் கண்மாய்க்கும் தூரம் அதிகம்தான். ஆனாலும் கேட்கிறேன், கம்பெனி எவ்வளவு நாள் சும்மா இருந்தது, அரசு எவ்வளவு நாள் இழுத்தது என்ற கணக்கை மக்கள் பார்க்கிற மாதிரி எங்காவது ஒட்டி வைக்கிறார்களா?

தேவிபட்டினத்துப் பெண் (இப்போது வில்லாபுரம்) எழுதியது:

இவ்வளவு பேசினீர்கள், கடலில் வலை போடுகிறவர்களை ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் அப்பா பாக் நீரிணையில் நாட்டுப்படகில் போனவர். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986லேயே தேசியப் பூங்கா ஆக்கினார்கள், பாக் விரிகுடாவில் கடல்பசுவுக்காக 2022ல் காப்பகம் அறிவித்தார்கள். அந்தப் பக்கத்து ஆழ்கடலையும் எண்ணெய் தேட ஏலம் விட்டார்கள், கூடாது என்று 2025 மார்ச்சில் முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதே வருடம் ராமநாதபுரம் மாவட்டத்தில் தரையில் 20 சோதனைக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையமே அனுமதி கொடுத்துவிட்டது. ஊர் எதிர்த்த பிறகுதான் அதைத் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசு.

அரசு கம்பெனியை நெருக்குவது எதற்காக? சீக்கிரம் துளை போடு என்றுதான். மெதுவாகப் போ, கரையில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டுப் போ என்று நெருக்கியதை நான் பார்த்ததில்லை. நீட்டிப்புக் கேட்டு வரும் நேரம்தான் அரசுக்குப் பேரம் பேச நல்ல நேரம். கூடுதல் பணமும் கூடுதல் கிணறும் கேட்கிறவர்கள், அந்த இடத்தில் மீன் முட்டையிடும் மாதங்களில் சீஸ்மிக் கப்பலை விட மாட்டேன் என்று எழுதிக் கொடு என்று ஏன் கேட்கக் கூடாது? அக்கா, உங்கள் தம்பி வேலைக்கு நான் எதிரி இல்லை. எங்கள் அப்பாவுக்கும் அது வேலைதான்.

பழைய டிரில்லர் (ஆனையூர்) எழுதியது:

தங்கச்சி சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. சீஸ்மிக் கப்பல் பின்னால் பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிளை இழுத்துக்கொண்டு போகும், அது போகிற நாட்களில் மீனவர்களை ஒதுங்கச் சொல்லி முன்னால் காவல் படகு போகும். ஒதுங்கிய நாளுக்குக் கூலி யார் கொடுப்பது என்று நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சீக்கிரம் துளை போடு என்று கழுத்தைப் பிடிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. உரிமம் முடியப் போகிறது, தேதிக்குள் ஆழத்தைத் தொட்டாக வேண்டும் என்று மேலிருந்து நெருக்கும்போது கீழே சிமென்ட் இறுகும் நேரத்தைக் குறைக்கச் சொல்வார்கள், பிரஷர் டெஸ்டை அவசரமாக முடிக்கச் சொல்வார்கள். அப்படி ஒரு இரவு நாங்கள் கேஸ் கிக் வாங்கினோம், அதாவது அடியிலிருந்து எரிவாயு கிணற்றுக்குள் தள்ளிக்கொண்டு வந்தது, வால்வை மூடியதால் பிழைத்தோம். தேதியை வைத்து நெருக்காமல் வேலையை வைத்து நெருக்கினால் நல்லது.

திருமங்கலம் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தேவிபட்டினத்துத் தங்கச்சி எழுதியதைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் காவல் படகை நானும் பார்த்திருக்கிறேன் அக்கா என்றான். வக்கீல் சார், கடைசியாக ஒன்று. நீட்டிப்பு வருமா வராதா என்று நாங்கள் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? அதுவரை அவன் என்ன செய்வது?

வக்கீல் (கே.கே.நகர்) எழுதியது:

தகவல் உரிமைச் சட்டத்தில், நான் சொன்ன ஹைட்ரோகார்பன் இயக்ககத்துக்கு மனு போடலாம், 10 ரூபாய்தான். 30 நாளில் பதில் தர வேண்டும். வணிக ரகசியம் என்று சிலவற்றை மறுப்பார்கள், ஆனால் நீட்டிப்பு மனு எந்தத் தேதியில் வந்தது, அதன்மேல் முடிவு எடுத்தாயிற்றா என்பதை மறுக்க முகாந்திரம் குறைவு. மேலூர் அண்ணன் கேட்ட நாள் கணக்கையும் அதே மனுவில் கேளுங்கள். நான் எழுதித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள்.

பழைய டிரில்லர் (ஆனையூர்) எழுதியது:

காத்திருக்கட்டும், ஆனால் சும்மா காத்திருக்க வேண்டாம். கடல் பாதுகாப்புப் பயிற்சி, பொசியட் என்பார்கள், அந்தச் சான்றிதழ் நாலு வருடம்தான் செல்லும். அது காலாவதியாகிவிட்டால் நாளைக்கே கூப்பிட்டாலும் ஹெலிகாப்டரில் ஏற்ற மாட்டார்கள். முதலில் தேதியைப் பாருங்கள். நடுவில் தரை ரிக்கில் வேலை வந்தால் யோசிக்காமல் போகச் சொல்லுங்கள், குழாய் அங்கேயும் 30 அடிதான்.

திருமங்கலம் அக்கா எழுதியது:

பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தோம் அண்ணே. இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. நாளைக்கே பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்லிவிட்டேன்.