6061 அலுமினியம்: கூடையின் நடுவில் உள்ள தகடுகளில் மட்டும் கடினத்தன்மை குறைகிறது

கேள்வி:
வணக்கம். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள 6061 (மெக்னீசியமும் சிலிக்கானும் கலந்த அலுமினியக் கலவை) தகடுகளைக் கூடையில் அடுக்கிச் சூளையில் ஏற்றி, ஒரு வாடிக்கையாளருக்காக டி6 நிலைக்கு, அதாவது சூடாக்கிக் குளிரவைத்து ஏஜிங் செய்து வலுவேற்றிய நிலைக்கு, பதப்படுத்தித் தருகிறோம். 530 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து, தண்ணீரில் குவென்ச் செய்து (மூழ்கடித்துச் சட்டெனக் குளிரவைத்து), பிறகு 175 டிகிரியில் 8 மணி நேரம் ஏஜிங் செய்கிறோம் (மிதமான சூட்டில் வைத்துக் கடினமாக்குகிறோம்). கூடையின் ஓரத்தில் உள்ளவை பிரினெல் கடினத்தன்மை அளவில் 95க்கு மேல் காட்டுகின்றன. நடுவில் உள்ளவை 75ஐத் தாண்டவில்லை. ஏஜிங் நேரத்தைக் கூட்டினால் சரியாகுமா?

பதில் 1:
இப்போதைக்கு ஏஜிங்கைத் தொடாதீர்கள். கடினத்தன்மை குறைவதற்கு ஏஜிங் போதாமையும் காரணமாகலாம், குவென்ச் மெதுவாக நடந்ததும் காரணமாகலாம். கடினத்தன்மை அளவு மட்டும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. மின்கடத்துத்திறனையும் சேர்த்துப் பாருங்கள். மெக்னீசியமும் சிலிக்கானும் உலோகத்துக்குள் கரைந்தே இருந்தால் கடத்துத்திறன் குறைவாக இருக்கும், அவை வெளியே பிரிந்துவிட்டால் கூடும். ஆகவே இரண்டு அளவும் குறைவு என்றால் ஏஜிங் போதவில்லை. கடினத்தன்மை குறைந்து கடத்துத்திறன் மட்டும் ஏறியிருந்தால் குவென்ச்சையே முதலில் சந்தேகிக்க வேண்டும். சூளைக் கதவு திறந்ததிலிருந்து கூடை முழுவதும் மூழ்க எத்தனை வினாடி ஆகிறது, தகடுகளை எப்படி அடுக்குகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மின்கடத்துத்திறன், தூய செம்பை 100 என்று கொண்ட அளவில், ஓரத் தகடு 42, நடுத் தகடு 47. நடுத் தகட்டில் பொருத்திய தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) 530ஐத் தொட்ட பிறகே நேரத்தைக் கணக்கிடுகிறோம். மூழ்குவதற்கு 10 வினாடி ஆகிறது. தண்ணீர் 30 டிகிரியில் தொடங்கி 37 வரை போகிறது. தகடுகளைப் படுக்கவைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறோம்.

பதில் 1:
அடுக்கும் முறைதான் காரணம் என்பது என் கணிப்பு. இந்தத் தடிமனுக்கு 15 வினாடி வரை பொதுவாக ஏற்பார்கள். தண்ணீரின் வெப்பநிலையிலும் குறை தெரியவில்லை. ஒட்டிக் கிடக்கும் தகடுகளுக்கு இடையே தண்ணீர் நுழைவதில்லை. நுழையும் கொஞ்சமும் நீராவியாகி அங்கேயே தங்கிவிடுகிறது. எனவே நடுவில் உள்ளவை ஏறத்தாழ 400 முதல் 260 டிகிரி வரையான பகுதியை மெதுவாகக் கடக்கின்றன, அந்த இடைவெளியில் மெக்னீசியம் சிலிசைடு பருத்த துகள்களாகப் பிரிந்துவிடுகிறது. அதன்பின் எவ்வளவு நேரம் ஏஜிங் செய்தாலும் வலிமை தரும் நுண்துகள்கள் உருவாகப் போதிய அளவு மெக்னீசியமும் சிலிக்கானும் உலோகத்துக்குள் கரைந்த நிலையில் மிஞ்சியிருக்காது.

தகடுகளைச் செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் இடையே துருப்பிடிக்காத கம்பியால் இடைவெளி விடுங்கள். ஒரு கூடையில் ஏற்றும் எண்ணிக்கையைக் குறைத்து, தொட்டியில் தண்ணீர் கீழிருந்து மேலாக ஓடும்படி செய்யுங்கள். குளிரும் வேகம் போதவில்லை என்று சூளை வெப்பத்தை மட்டும் உயர்த்திவிட வேண்டாம்: 6061 ஏறத்தாழ 580 டிகிரியில் உருகத் தொடங்கும், அப்படிக் கெட்ட பாகத்தை எந்தப் பதப்படுத்தலாலும் மீட்க முடியாது.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். கடினத்தன்மை குறைந்த தகடுகளை மறுபடியும் 530 டிகிரியில் வைத்து, குவென்ச்சும் ஏஜிங்கும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மேற்பூச்சு இல்லாத 6061 அதைத் தாங்கும். ஆனால் இறுதி அளவுக்குக் கடைந்து முடித்த தகடுகள் இரண்டாவது குவென்ச்சில் வளையக்கூடும் என்பதால், வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் ஒப்புதல் வாங்குங்கள். வளைவை நிமிர்த்துவதானால் குவென்ச் முடிந்த உடனே, உலோகம் மென்மையாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். ஏஜிங்குக்குப் பிறகு நிமிர்த்துவது கடினம், விரிசலுக்கும் இடம் கொடுக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அடுத்த கூடையில் தகடுகளை இடைவெளி விட்டு நிறுத்தி, ஒவ்வொன்றிலும் அது இருந்த இடத்தின் எண்ணைக் குறித்து, ஓரத்திலும் நடுவிலும் இரண்டு அளவுகளையும் எடுத்து இதே இழையில் பதிவிடுகிறேன். அதுவரை நடுவில் இருந்த தகடுகளைத் தனியே நிறுத்தி வைத்திருக்கிறோம். ஒன்றும் வாடிக்கையாளருக்குப் போகாது.