புதுப்பிப்பு: கல்லடிப் பாலத்தடி ஒலிவாங்கி

மட்டக்களப்பு வாவியில கல்லடிப் பாலத்தடியில கேட்கிற பாடும் மீன்ட சத்தத்தைப் பதிய, பீசோ தட்டொன்றை (அதிர்வை மின்சாரமா மாத்திற சின்னத் தகடு) தண்ணிக்குள்ள இறக்கப் போறன் எண்டு முன்னம் எழுதியிருந்தன். இப்ப அது வேலை செய்யுது!

பதியிறதுக்கு வச்சிருக்கிற ராஸ்பெரி பை எண்ட சின்னக் கணினியில, ஒலிவாங்கிச் சிக்னலை நேர வாங்கிற அனலாக் உள்ளீடு இல்ல, அதனால யூஎஸ்பி சவுண்ட் கார்ட் போட்டன். பீசோவை அதில நேர கொழுவினா தாழ்ந்த ஒலிகள் தேய்ஞ்சு போகும். நடுவில ஜேபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) வச்ச முன்பெருக்கி போட்ட பிறகுதான் வாவி பேசத் தொடங்கினது. ஒலியைச் செக்கனுக்கு 16,000 தரம் அளந்து பதிஞ்சா 8,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பிடிபடும், தாராளம். பாலத்து வாகன இரைச்சலுக்கு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிவிட்டன்.

துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மறுமுனையில காது வச்சுக் கேட்கிற பழைய முறையைத் தோணிக்கார அண்ணன் காட்டினார். ஹெட்போனைக் குடுத்தன். "இதுதான் தம்பி!" எண்டார். எனக்கு அந்தச் சொல்லே போதும்.

பதியிற நிரலை (கோட்) கேட்ட ஆக்களுக்கு இண்டைக்கே அனுப்புறன். பௌர்ணமிக்குத் திரும்பவும் இறக்குவம், வாறாக்கள் வாங்க.