பனி நின்ற மறுநாள் வெயில்: பனிச்சரிவை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கோவையிலிருந்து

போன பிப்ரவரியில் குடும்பத்தோடு மணாலி போயிருந்தோம். இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. மூன்றாம் நாள் காலையில் பளீரென்று வெயில். அடல் சுரங்கம் வழியாகச் சிஸ்ஸு போகலாம் என்று பிள்ளைகள் துள்ளினார்கள். டிரைவர் வண்டியை எடுக்கவே மறுத்துவிட்டார். "வெயில் அடிக்குது மேடம், இன்னைக்கு கிளேசியர் வரும்" என்றார் இந்தியில். அங்கே ஊர்க்காரர்கள் பனிச்சரிவைத்தான் கிளேசியர் என்கிறார்கள் என்பது தெரியாமல் அவரிடம் கோபப்பட்டுவிட்டேன். மதியம் எதிர்மலையில் வெள்ளைப் புகை மாதிரி ஒன்று கிளம்பியது. சில விநாடி கழித்துத்தான் சத்தம் கேட்டது. சாலையில் பனி இறங்கி, மாலைவரை ஜேசிபி வைத்து அள்ளினார்கள். என் மகளுக்கு ஏழு வயது. ஒரு நாள் வாடகை போனாலும் பரவாயில்லை என்று அந்த மனிதர் நின்றாரே, அதை மறக்க முடியவில்லை.

ஜனவரியில் திரும்பவும் போகிறோம். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

சுவிஸ், கிரவுபுண்டன்

தங்கச்சி, உங்கட டிரைவர் சொன்னது சரி. நான் இருபது வருசமா மலைக்கிராமத்து ஹோட்டல் குசினியில வேலை. இஞ்ச டாவோஸ் பனி ஆய்வு நிலையம் குளிர்காலத்தில காலமை 8 மணிக்கும் பின்னேரம் 5 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை விடும். அபாயம் 1இல இருந்து 5 வரைக்கும்.

ஒருநாள் லீவு. முதல்நாள்தான் பனி நிண்டது, வானம் நீலமாக் கிடந்தது. அறிக்கையில 3 எண்டு போட்டிருந்தது. அஞ்சில மூண்டுதானே எண்டு நினைச்சு, நாங்கள் மூண்டுபேர் பனிக்காலணி கட்டிக்கொண்டு வெளிக்கிட்டம். ஒரு சமதரையில கால் வைச்சவுடன "வூம்" எண்டு நிலத்துக்குள்ளால ஒரு சத்தம். பனி முழுக்க ஒரு அங்குலம் இறங்கினது மாதிரி. எனக்கு முன்னால நிண்ட பொடியன்ர காலடியில இருந்து வெடிப்பு ஒண்டு ஓடிப்போனது. சமதரை எண்டதால தப்பினம். அதே வெடிப்பு மேல சரிவுக்குப் போயிருந்தா எங்களுக்கு மேலதான் வந்திருக்கும்.

பிறகுதான் படிச்சன். பழைய பனிக்கு மேல சீனி மாதிரி ஒட்டாத படை ஒண்டு இருந்து, அதுக்கு மேல காத்து கொண்டுவந்த புதுப்பனி பலகையாக் கிடந்தா, ஒரு ஆளின்ர பாரமே போதும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவு எண்டா அப்பிடியே கழண்டு வரும். இந்த நாட்டில பனிச்சரிவில சாகிறவையில ஏறக்குறையப் பாதிப்பேர் 3ஆம் நிலை நாட்களிலதான் சாகினம். 5 எண்டா ஒருத்தரும் வெளிய போகாயினம். 3 எண்டா எல்லாரும் போவினம்.

வேலூர்ப் பக்கம், ஓய்வுபெற்ற ராணுவ வீரர்

காஷ்மீரில் எங்கள் பேட்ரோல் சூரியன் வருவதற்கு முன்பே சரிவைக் கடந்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு யாரும் நகரமாட்டோம். ஒருவர் கடந்த பிறகுதான் அடுத்தவர். மற்றவர்கள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்போம். விழுந்தால் கடைசியாகத் தெரிந்த இடம்தான் தேடுவதற்கு ஆதாரம்.

ஒருமுறை என் பின்னால் வந்தவர் புதைந்தார். ஓடிவந்த பனி நின்றதும் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், கையால் தோண்ட முடியாது. நீளக் கம்பியால் குத்திக் குத்தித் தேடினோம். கம்பி தட்டிய இடத்துக்கு நேர் மேலே தோண்டக்கூடாது, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்ளே போக வேண்டும். முதல் 15 நிமிடத்தில் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார்கள், அதற்குப் பின் வேகமாகக் குறையும். அவரை எடுத்தபோது உதடு நீலம். முகத்துக்கு முன் கையை மடக்கி வைத்திருந்தார், அந்த இடைவெளிக் காற்றில்தான் மூச்சு இருந்தது. இன்றும் பொங்கலுக்குப் போன் செய்வார்.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் சோனம் என்ற ராணுவ முகாமில் மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். நாலு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறு நாள் கழித்து அந்தப் பத்துப் பேரில் ஒருவரான ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தபோது எங்கள் ஊரில் கோயிலில் விளக்கேற்றினோம். பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார்.

அம்மா, பிள்ளைகளோடு போகிறீர்கள். சரிவுக்கு அடியில் படம் எடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள்.

கோவையிலிருந்து

நன்றி அண்ணா, நன்றி ஐயா. அந்த டிரைவருக்கு இன்று போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பனி நின்னதும் ரெண்டு நாள் ஊருக்குள்ளேயே இருங்க, அப்புறம் நான் வரேன்" என்றார். இரண்டு நாள் கூடுதலாக அறை போட்டுவிட்டேன்.