எங்கள் சந்தில் நாலு மாடி லாட்ஜ்

தோட்டப்பாளையத்திலிருந்து:

வேலூரில் எங்கள் சந்து 14 அடி அகலம். எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். போன வருஷம் மூலை வீட்டை விற்றார்கள். இடித்த பிறகுதான் அங்கே முப்பது அறையோடு நாலு மாடி லாட்ஜ் வரப்போகிறது என்று தெரிந்தது.

1900ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலைதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. கொல்கத்தா, ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். வைத்தியம் முடிய சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும். சமைத்துச் சாப்பிட அடுப்போடு ஓர் அறை தேடுவார்கள். எங்கள் சந்தில் பாதி வீடுகளில் மாடியறை வாடகைக்குத்தான் ஓடுகிறது. என் வீட்டிலும் ஒன்று.

லாட்ஜைத் தடுக்க மனு கொடுக்கலாம் என்று பிள்ளையார் கோயில் வாசலில் கூடினோம். எதிர்வீட்டு அண்ணி என்னைப் பார்த்தே கேட்டார்: "நீ ஒரு ரூம் விட்டா குடும்பச் செலவுக்கு, அவன் முப்பது ரூம் கட்டினா மட்டும் தப்பா? இன்னா நியாயம் இது?"

அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை. என் மாடியில் இருப்பவர்கள் புழங்குவது என் போர்த் தண்ணீர். செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரிக்குப் பணம் கொடுப்பது நான். முப்பது அறைக்கு ஆழமாக ஒரு போர் போட்டால் சித்திரையில் வறளப்போவது அக்கம்பக்கத்துக் கிணறும் போரும். தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி சந்து முனையிலேயே நின்றுவிடும். மறுநாள் அண்ணியிடம் போய் இதைச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

மனு எழுதும்போது இன்னொரு தகராறு. வெளிமாநிலத்தார் நடமாட்டத்தால் பாதுகாப்பில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் ஒரு பெரியவர். அந்த வரி இருந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அப்போது என் மாடியில் மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து வந்த தம்பதி இருந்தார்கள். மகனுக்கு ரத்தப் புற்றுநோய். விடிகாலையில் டோக்கனுக்குக் கிளம்பும்போது அந்த அம்மா என் கோலத்தை மிதிக்காமல் சுவரோரமாகப் போவார். அவரைக் காட்டியா ஒரு கட்டடத்தை நிறுத்துவது? வரியை அடித்தார்கள். பெரியவர் எழுந்து போய்விட்டார். இன்னும் என்னிடம் பேசுவதில்லை.

திங்கட்கிழமை குறைதீர்வுக் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் லாட்ஜ் வரைபடத்தின் நகலும் கேட்டோம். வந்த நகலில் எங்கள் சந்து 20 அடி! எங்கள் வாசற்படிகளையும் சேர்த்து ரோடாக்கியிருந்தார்கள். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். வேலை இப்போது நின்றிருக்கிறது. திருத்திய பிளானில் இரண்டு மாடி என்று சொல்கிறார்கள்.

காட்பாடி காந்தி நகரிலிருந்து:

எங்களுக்கு வந்தது கல்யாண மண்டபம். கூரை போட்ட பிறகுதான் விழித்துக்கொண்டோம். கட்டடத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒலிமாசு விதிகள் 2000ல் வந்தவை: ராத்திரி 10 முதல் காலை 6 வரை மூடிய அரங்குக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மல்லுக்கு நிற்கிறோம். அக்கா செய்ததுபோல அஸ்திவாரத்துக்கு முன்பே வரைபடத்தை வாங்கியிருக்க வேண்டும்.

வேலூர் சைதாப்பேட்டையிலிருந்து:

நான் லாட்ஜ் வேண்டும் என்கிற கட்சி. சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் 2022ல் திறந்த பிறகும் எங்கள் பக்கம் அறை கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை. நோயாளியோடு நடைபாதையில் பெட்டியை வைத்து உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் எங்கே போவார்கள்?

தோட்டப்பாளையத்திலிருந்து:

அவர்களுக்கு அறை வேண்டும், தம்பி. ஆம்புலன்ஸ் உள்ளே வரக்கூடிய தெருவில் வேண்டும். மகனைத் தூக்கிக்கொண்டு அந்த மால்டாக்காரர் எங்கள் சந்து முனைவரை நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.