மெல்ட் இன்ஃபில்ட்ரேஷன்: ஊடுருவலா, ஊறலா?

> செராமிக் மேட்ரிக்ஸ் காம்போசிட்டுக்குப் 'பீங்கான் கலவை' போதும். மெல்ட் இன்ஃபில்ட்ரேஷனை 'உருகிய ஊடுருவல்' என்று வைக்கலாமே?

வணக்கம் ஐயா,

'கலவை' சரிப்படவில்லை. சிமெண்டும் மணலும் குழைத்தால் கலவை. செராமிக் மேட்ரிக்ஸ் காம்போசிட் என்பது பீங்கானுக்குள் இழைகளைப் பதித்துச் செய்யும் பொருள்; இங்கே இழை கடைசிவரை இழையாகவே இருக்கிறது. வெறும் பீங்கான் ஒரே விரிசலில் உடைந்துவிடும். இதிலோ விரிசல் இழையை எட்டியதும் அதன் மேற்பூச்சோடு திசைமாறி ஓடி வலுவிழக்கிறது. சுவர் மண்ணில் வைக்கோல் போட்டு மிதிப்போமே, அந்த மாதிரிதான். அதனால் பெயரில் இழை வரட்டும்: 'இழைப் பீங்கான்'. இழையைச் சூழ்ந்திருக்கும் மேட்ரிக்ஸுக்குத் 'தாய்ப்பொருள்'; 'அணி' என்ற சொல் கணக்கில் வரும் மேட்ரிக்ஸுக்குப் போய்விட்டது.

'ஊடுருவல்'தான் என்னை உறுத்துகிறது. அதில் ஒரு பலவந்தம் இருக்கிறது. மெல்ட் இன்ஃபில்ட்ரேஷன் என்பது உருகிய சிலிக்கானை இழைத் துண்டுக்குள் ஏற்றும் முறை; அதில் உலையில் நடப்பது வேறு. பின்னிய கார்பன் இழையில் பிசின் ஏற்றி, காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்குகிறார்கள். நுண்துளை நிறைந்த அந்தத் துண்டின் அடி, உருகிய சிலிக்கானில் பட்டால் போதும். யாரும் அழுத்த வேண்டாம், தானாகவே மேலே ஏறும். போகிற வழியில் கரியோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடாகும். அகல்விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதேதான். நுண்துளைக் கரியாலான திரிகளின் மேல் துண்டை நிறுத்தி ஊட்டுவதும் உண்டு. இதற்கு 'ஊறல்' என்ற சொல் காத்துக்கொண்டிருக்கிறதே!

இன்னொரு காரணம், செலவு. தாய்ப்பொருளை நிரப்பும் மற்ற இரண்டு முறைகளையும் இன்ஃபில்ட்ரேஷன் என்றுதான் சொல்கிறார்கள். வளியைச் செலுத்தி இழைமேல் படியவைப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். துளையின் வெளிவாய் முதலில் அடைபடும், எடுத்துச் சீவிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். பிசின் முறையில் சுடும்போது பிசின் சுருங்கிப் புதுத்துளை விழும். பலமுறை ஊட்டிச் சுட வேண்டும். உருகிய சிலிக்கானோ சில மணி நேரத்தில் ஊறிவிடும். மலிவே இங்கேதான் இருக்கிறது. கார்பன்-பீங்கான் பிரேக் தட்டுகள் இப்படி வருகின்றன. 2016-இல் பயணிகள் சேவைக்கு வந்த லீப் விமான எஞ்சினின் டர்பைன் உறைகளுக்கும் உருகிய சிலிக்கானைத்தான் ஊட்டுகிறார்கள். மூன்றையும் 'ஊடுருவல்' என்றால் படிக்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

ஆகவே: உருகல் ஊறல், பிசின் ஊறல், வளிப்படிவு.

அப்புறம், வினைபுரியாமல் தங்கும் சிலிக்கானுக்கும் பெயர் வேண்டும். அது 1414 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் அதற்குக் கீழேயே பொருளை வைத்திருக்க வேண்டியிருக்கிறது. 'எஞ்சு சிலிக்கான்' என்கிறேன்.

'உருகூறல்' என்று சேர்த்தெழுத எனக்கு ஆசைதான். ஆனால் 'உரு கூறல்' என்று படித்துவிடுவார்கள். பிரித்தே எழுதுவோம், ஐயா.