பெங்களூர் ராமநவமிக் கச்சேரி, கரகம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

— சாம்ராஜ்பேட்டையிலிருந்து:
சென்னைக்காரர்களுக்கு மார்கழிக் கச்சேரி என்றால் எங்களுக்குப் பங்குனி, சித்திரை. ராமநவமிக்குத் தெருவெல்லாம் பானகம், நீர்மோர், கோசம்பரி என்கிற பாசிப்பருப்புக் கலவை. சாயங்காலமானால் சாம்ராஜ்பேட்டை கோட்டை ஹைஸ்கூல் மைதானத்தில் கச்சேரி. எஸ்.வி.நாராயணசுவாமி ராவ் 1939-ல் தொடங்கிய ஸ்ரீ ராமசேவா மண்டலி நடத்துவது. எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய விழா. கிட்டத்தட்ட ஒரு மாதம் ஓடும்.

ஒருநாள் எனக்கு இடப்பக்கம் ஒரு மாமி, மடியில் நோட்டு. வலப்பக்கம் ஒரு கன்னடப் பெரியவர். ஆலாபனை ஆரம்பித்ததுமே மாமி "நாயகி ராகம்" என்றார். பெரியவர் என்னைத் தாண்டிக் குனிந்து, "இல்லம்மா, தர்பாரு" என்றார். மாமி தமிழில் வாதாட, அவர் கன்னடத்தில் பதில் சொல்ல, நடுவில் நான். பெரியவர் முழங்காலில் விரலால் தட்டி, "க க ரி ஸ" என்று காந்தாரத்தை அழுத்திக் காட்டினார். மாமி மசியவில்லை. பாடகர் 'யோசனா' என்று தர்பார் ராகக் கீர்த்தனையை எடுத்த பிறகுதான் நோட்டில் 'தர்பார்' என்று எழுதினார். எழுதிவிட்டு, "இருந்தாலும் ஆலாபனையில நாயகி சாயல் இருந்துச்சு" என்றார்! மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது மழை பிடித்துக்கொண்டது. ஏப்ரல் மழை, சொல்லிவிட்டா வரும்? பந்தல் ஓரத்தில் இருந்தவர்கள் நாற்காலியோடு உள்ளே நகர்ந்தார்களே தவிர, ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

— அல்சூரிலிருந்து:
சபா பக்கம் நான் போனதில்லை. எனக்குக் கரகத் திருவிழாதான். சித்திரைப் பௌர்ணமி இரவு, தர்மராயசுவாமி கோயில் வாசலில் நள்ளிரவு தாண்டியும் நிற்க வேண்டும். கால் கடுக்கும். கரகம் வெளியே வரும்போது "கோவிந்தா" என்று கூட்டம் கத்துவதில் மேளம்கூடக் காதில் விழாது. முதலில் வருவது மல்லிகை வாசனை. அப்புறம் உருவிய கத்தியோடு, கரகத்துக்குக் காவலாக வரும் வீரகுமாரர்கள். அதற்கப்புறம்தான் தலையில் கரகம் சுமந்தவர், கையால் பிடிக்காமல், ஓட்டமும் நடையுமாக. வழியில் காட்டன்பேட்டை மஸ்தான் சாகிப் தர்காவுக்கும் போவார்கள். போன தடவை பக்கத்தில் நின்ற, கரகம் எடுக்கும் திகளர் சமூகத்து ஆயா என்னிடம் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டு, பேரனைப் பார்த்ததும் கன்னடத்துக்குத் தாவினார். ரெண்டும் அவங்க பாஷைதான்.

— ஒயிட்ஃபீல்டிலிருந்து:
கச்சேரிக்கு டிக்கெட் இல்லாமல் போகலாமா? கார் நிறுத்த இடம் உண்டா?

— சாம்ராஜ்பேட்டை, மறுபடியும்:
பெரிய பெயர்கள் பாடும் நாளில் டிக்கெட் வாங்கிவிடுங்கள். வெளியே நின்று கேட்பவர்களும் உண்டு, ஸ்பீக்கர் நன்றாகவே கேட்கும். காரை மறந்துவிடுங்கள் சார். மெட்ரோவில் கே.ஆர்.மார்க்கெட்டில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.